நிற்கும் இடத்தை யார் தீர்மானிப்பது?

(புனேயின் ஹிஞ்சேவாடியில் தமிழ்ப் பொறியாளர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஹிஞ்சேவாடிக்கு அழைத்திருக்கிறீர்கள். ஹிஞ்சேவாடியில் மெட்ரோ சுரங்கமே கிடையாது. இங்கிருந்து சிவாஜிநகர் வரை போகும் மூன்றாம் தடம் 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 23 நிலையங்கள், எல்லாமே தூண்களின் மேல். ஆனால் அந்தத் தடம் போய்ச் சேருகிற சிவில் கோர்ட் பக்கத்தில், தரைக்கு 33 மீட்டர் கீழே இன்னொரு நிலையம் இருக்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வடிலிருந்து ஸ்வார்கேட் போகும் தடம் அந்த வழியாகப் பூமிக்கடியில் செல்கிறது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய இயந்திரங்களுக்கு முட்டா, முளா, பவனா என்று இந்த ஊர் ஆறுகளின் பெயரையே வைத்தார்கள். 2019 கடைசியில் தொடங்கிய வேலை 2022 ஜூனில் புதவார் பேட்டில் முடிந்தது.

இந்த ஊரில் இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர், ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஓடும் இயந்திரம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் எழுதுகிறவர்கள். உங்களுக்குப் பராமரிப்பு என்றாலே 'எப்போது' என்ற கேள்விதான். இத்தனை மணி நேரம் ஓடினால் எண்ணெய் மாற்று, இத்தனை மாதத்தில் பேரிங்கைப் பார் என்று கணக்கு ஓடும். டி.பி.எம். என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த இயந்திரத்திடம் அந்தக் கேள்வி பாதிதான் செல்லும். மீதிப் பாதி 'எங்கே'. இயந்திரம் எப்படியும் நிற்கத்தான் போகிறது. அது நிற்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோமா, மண் தேர்ந்தெடுக்கிறதா என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்தது.

முதலில் இயந்திரத்தின் அமைப்பு. மெட்ரோ சுரங்கத்துக்கானது ஏறத்தாழ ஆறரை மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை. முகப்பில் கட்டர்ஹெட் என்ற சுழலும் தட்டு. அதற்குப் பின்னால் வெட்டிய மண் வந்து விழும் அறை. அதற்கும் பின்னால் மோட்டார்கள், தள்ளும் ஜாக்கிகள், ஆபரேட்டர் கேபின், பம்புகள், கன்வேயர் என்று எண்பது நூறு மீட்டருக்கு வால் நீளும். ஒரு ரிங், அதாவது ஒரு வளையத்தின் நீளத்துக்கு முன்னே போனதும் நின்று, கான்கிரீட் செக்மென்ட்களைக் கோத்து ஒரு வளையம் கட்டி, அந்த வளையத்தில் காலூன்றி அடுத்த ரிங்குக்குத் தள்ளிக்கொண்டு போகும். வளையத்தை இயந்திரத்தின் வயிற்றுக்குள் வைத்துத்தான் கட்டுகிறோம். அதனால் வளையம் இயந்திரத்தைவிடச் சிறியது. இயந்திரம் பின்னால் வர முடியாது. முன்பக்கம் பாறை, பின்பக்கம் தான் கட்டிய குழாய். உடைந்த லாரியை இழுத்து ஓரமாக விடுவதுபோல் இதை விட முடியாது.

இனி தேய்மானம். பாறைக்கான கட்டர்ஹெட்டில் டிஸ்க் கட்டர்கள் ஏறத்தாழ நாற்பது இருக்கும். ஒவ்வொன்றும் 17 அங்குல விட்டம், சுமார் 150 கிலோ எடை. பாறைமேல் அழுத்தி உருட்டும்போது ஒரு கட்டர் 25 டன் வரை சுமை தாங்கும். ஓரத்துக் கட்டர் ஒரு சுற்றில் 20 மீட்டருக்கு மேல் உருள்கிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் முன்னேற்றம் என்று வையுங்கள், நல்ல பாறையில் அது நியாயமான வேகம். ஒரு கிலோமீட்டர் தோண்ட 1,25,000 சுற்று. ஓரத்துக் கட்டர் உருளும் தூரம் 2,500 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். புனேயிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிடக் கூட. அதுவும் தார்ச்சாலையில் அல்ல, பாறையில்.

நடுவில் உள்ள கட்டர் 20, 25 மில்லிமீட்டர் தேயும்வரை பொறுக்கலாம். ஓரத்துக் கட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது தேய்ந்தால் துளையின் விட்டமே சுருங்கும். பின்னால் வரும் உருளைக்குப் போக இடம் போதாது, இறுகிக்கொள்ளும். இதைவிடப் பொல்லாதது, கட்டருக்குள் இருக்கும் சின்னப் பேரிங் சிக்கிக்கொள்வது. உருளாத கட்டர் ஒரே பக்கமாகத் தேயும். வட்டமாக இருந்த எஃகு வளையம், வெட்டி வைத்ததுபோல் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அதன் சுமை பக்கத்துக் கட்டருக்குப் போகும், அது உடைந்தால் அதற்கடுத்ததுக்கு. ஒரே ஷிஃப்ட்டில் வரிசையாகப் பத்துக் கட்டர் போன கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. ஒரு கட்டரை மாற்ற நிற்க மறுத்ததற்கான வட்டி அது.

தேய்மானம் மண்ணைப் பொறுத்தது என்பதால் பராமரிப்புத் திட்டத்தை நிலவியல் அறிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். புனேயின் அடியில் இருப்பது தக்காணப் பீடபூமியின் பசால்ட். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அலையலையாக ஓடிப் படிந்தது. கெட்டியான பாறைதான், ஆனால் குவார்ட்ஸ் குறைவு. கிரானைட் அளவுக்குக் கட்டரைத் தின்னாது. இங்கே சிக்கல், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் இருக்கும் மெலிந்த சிவப்பு அடுக்குகள், குமிழ் விழுந்த பாறை, நொறுங்கிய எரிமலைக் கல். அந்த இடங்களில் தண்ணீர் வரும், முகப்புப் பாறை நிலைக்காது.

சென்னையின் கதை வேறு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருக்கும் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். நம் ஊர்ப் பாறைக்கு யாரோ ஒருவரின் சமாதியிலிருந்து பெயர் கிடைத்தது, போகட்டும். அந்தப் பாறையில் குவார்ட்ஸ் தாராளம். அதைவிடத் தொல்லை, சென்னையில் பல இடங்களில் சுரங்கத்தின் கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மணலோ களியோ. கட்டர் ஒவ்வொரு சுற்றிலும் மெத்தென்ற மண்ணிலிருந்து இறங்கிப் பாறையில் மோதும். கட்டரின் எஃகு வளையம் தேய்வதற்கு முன் சில்லுச் சில்லாகப் பெயரும். களிமண் கட்டரைச் சுற்றி அப்பிக்கொண்டால் அது உருளுவதை நிறுத்திவிடும். ஒரே கட்டர், ஒரே கம்பெனி, ஒரே தரம். புனேயில் ஓடிய கணக்கை வைத்துச் சென்னைக்குத் திட்டம் போட்டால் முதல் மாதத்திலேயே கையிருப்பு தீர்ந்துபோகும்.

சரி, மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எப்படி மாற்றுவது? கட்டர்ஹெட்டுக்குப் பின்னால் உள்ள அறைக்குள் ஆள் போக வேண்டும். ஓடும்போது அந்த அறை மண்ணும் தண்ணீரும் நிரம்பி அழுத்தத்தில் இருக்கும். முகப்பு மண் சரியாமல் தாங்குவதே அந்த அழுத்தம்தான். அறையைக் காலி செய்தால் தாங்கல் போய்விடும். நல்ல பாறையாக இருந்தால் கவலையில்லை, கதவைத் திறந்து போகலாம். மணலாக இருந்தால் அறையின் ஒரு பகுதியைக் காலி செய்து, முகப்பில் பெண்டோனைட் களிக்குழம்பைப் பூசி, அழுத்தக் காற்றால் தாங்கவைத்து, ஆட்களை மேன் லாக் என்ற அழுத்தம் மாற்றும் சிற்றறை வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே பத்து மீட்டருக்கு ஒரு பார் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடக்கூட உள்ளே வேலை செய்யும் நேரம் குறையும், வெளியே வருவதற்கான நேரம் நீளும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் அடித்தளத்தை அழுத்தக் காற்றில் தோண்டினார்கள். அழுத்தத்திலிருந்து வேகமாக வெளியே வருவதால் உண்டாகும் நோயில் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் விழுந்தார். பாலம் முடியும்வரை வீட்டு ஜன்னலிலிருந்துதான் பார்த்தார், சைட்டுக்குப் போய்வந்தது அவர் மனைவி எமிலி. படிப்படியாக அழுத்தம் குறைத்து வெளியே வருவதற்கான அட்டவணையை ஹால்டேன் என்ற விஞ்ஞானி வெளியிட்டது 1908-இல். இன்றைக்கும் மேன் லாக் பக்கத்தில் அட்டவணை ஒட்டியிருக்கும், லாக்கை இயக்குபவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவர்கள் ஈர உடையோடு, முழங்கால் மடக்கி, எதிரெதிரே பெஞ்சில். ஒரு கட்டர் மாற்றுவதற்குச் சைட் மேனேஜர் 'இரண்டு மணி நேரம்' என்று திட்டத்தில் எழுதினால், அதில் இந்தப் பெஞ்சு நேரம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

அதனால்தான் இடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். அதே வேலை நல்ல பாறையில் ஒரு ஷிஃப்ட், மணலில் ஒரு வாரம். சுரங்கத் தடத்தின் நீளவெட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கட்டிடங்கள், கீழே போர்ஹோல் போட்டுக் கண்டுபிடித்த மண் அடுக்குகள், நீர்மட்டம். அந்தப் படத்தின் மேலேயே பராமரிப்பு நிறுத்தங்களைக் குறிக்க வேண்டும். நாட்காட்டியில் குறிக்கும் தேதியைவிட 'ரிங் 312' என்று எழுதுவதுதான் பயன்படும். மிகச் சிறந்த நிறுத்தம் நிலையம். சுரங்கத்திலிருந்து நிலையக் குழிக்குள் இயந்திரம் வந்து எட்டிப்பார்க்கும்போது கட்டர்ஹெட் முழுக்க வெட்டவெளியில் கிடைக்கும். வெல்டிங், கட்டர், வாலில் உள்ள பிரஷ் எல்லாம் அங்கே செய்யலாம். அடுத்தது, நல்ல பாறை. இரண்டும் இல்லாத நீண்ட மணல் பகுதியில், முன்கூட்டியே மேலிருந்து சிமென்ட் கலவையை இறக்கி மண்ணைக் கெட்டியாக்கி ஓர் இடத்தைத் தயார் செய்துவைக்க வேண்டும். அதற்குச் சாலையை அடைக்க அனுமதி வேண்டும், போக்குவரத்துப் போலீஸ் வேண்டும், மாநகராட்சி வேண்டும். இயந்திரம் வந்து நின்ற பிறகு கடிதம் எழுதத் தொடங்கினால் பதில் வரும்போது இயந்திரம் துருப்பிடித்திருக்கும்.

ஆறு வந்தால் சட்டம் இன்னும் கடுமை. புனேயில் சிவில் கோர்ட்டுக்கும் புதவார் பேட்டுக்கும் நடுவில் முட்டா ஆறு. கொல்கத்தாவில் ஹவுராவுக்கும் நகரத்துக்கும் நடுவில் ஹூக்ளி, சுரங்கத்தில் 520 மீட்டர். 2017-இல் பிரேர்ணா, ரச்னா என்ற இரண்டு இயந்திரங்களும் அதைக் கடந்தன. ஆற்றின் கீழே நிற்காதே, ஆற்றுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரவு பகலாக ஒரே மூச்சில் கடந்துவிடு என்பது பாடம். இங்கிருந்து மும்பை ரயிலில் போய்வரும் உங்களுக்கு இது புதிதல்ல. போர் காட் மலைப்பாதையில் ஏறும் ரயிலுக்குத் துணை இன்ஜினை அடிவாரத்துக் கர்ஜத்திலேயே மாட்டிவிடுகிறார்கள், மலைப்பாதியில் மாட்டுவதில்லை. ஆற்றுக்கு முன் பார்க்க வேண்டியதில் முதலாவது வால்பக்கத்து பிரஷ். இயந்திரத்தின் வாலுக்கும் கான்கிரீட் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூடுவது கம்பி பிரஷ் வரிசைகளும், அவற்றுக்கு நடுவில் ஓயாமல் செலுத்தும் கிரீஸும்தான். ரிங்குக்கு இத்தனை கிலோ கிரீஸ் என்று கணக்கு உண்டு. செலவு குறைகிறதே என்று சந்தோஷப்படும் மேலாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கிரீஸ் போகாத இடத்தில் தண்ணீர் வரும்.

தண்ணீரும் மணலும் சுரங்கத்துக்குள் வந்தால் மேலே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி. 2019 ஆகஸ்ட் 31 அன்று பௌபஜாரில் சண்டி என்ற இயந்திரம் நீர்ப்படுகையைத் தொட்டது. மேலே தெருவில் வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன, குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறின. சென்னையில் 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், கீழே சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், சாலை உள்வாங்கி மாநகரப் பேருந்தும் ஒரு காரும் இறங்கின. பெரிய காயம் யாருக்கும் இல்லை என்பது அதிர்ஷ்டம். இவற்றைப் பராமரிப்புக் குறை என்று நான் சொல்லவில்லை. நகரத்துக்கடியில் இயந்திரம் நிற்கும் இடமும் ஓடும் விதமும் மேலே நடப்பவரின் விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிற்க இடமே இல்லாத சுரங்கமும் உண்டு. தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் ஏறத்தாழ 44 கிலோமீட்டர். மேலே புலிகள் காப்பகம். நடுவில் எங்கும் குழி இறக்க வழியில்லை. இரண்டு முனைகள்தான், உள்ளே போகும் எல்லாமே அந்த முனைகள் வழியாக. 2025 பிப்ரவரி 22 அன்று உள்ளே கூரை சரிந்து எட்டுப் பேர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை உயிரோடு மீட்க முடியவில்லை. அப்படிப்பட்ட சுரங்கத்துக்குப் பராமரிப்புத் திட்டம் போடுவதற்கும் மெட்ரோவுக்குப் போடுவதற்கும் ஒரே படிவத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

மெயின் பேரிங்குக்கு வருகிறேன். கட்டர் என்பது மாற்றுவதற்கென்றே செய்த பொருள். மெயின் பேரிங் அப்படியல்ல. கட்டர்ஹெட் முழுவதையும் தாங்கிச் சுழலவிடும் ராட்சத வளையம் அது. பத்தாயிரம் மணி நேரம் ஓட வேண்டும் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் வடிவமைக்கிறார்கள். அதைக் கெடுப்பது பெரும்பாலும் சுமை அல்ல, அழுக்கு. வெளியிலிருந்து மண் புகாமல் சீல்களும் கிரீஸும் காக்கின்றன. சீல் போனால் பேரிங் போகும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சுரங்கம் இதற்குப் பெரிய உதாரணம். இயந்திரத்துக்குப் பெர்த்தா என்று பெயர், விட்டம் 17.5 மீட்டர். 2013 டிசம்பரில், ஏறத்தாழ 300 மீட்டர்தான் போயிருந்தது, சூடேறி நின்றது. வழியில் ஒரு பழைய எஃகுக் குழாயில் மோதியிருந்தது. அதுதான் காரணமா என்று பிறகு வழக்காடினார்கள். சீல்கள் சேதமாகியிருந்தன, பேரிங்குக்குள் அழுக்குப் போயிருந்தது. இயந்திரத்தின் முன்னால் 36 மீட்டர் ஆழத்துக்குத் தனிக் குழி தோண்டி, முன்பகுதியை மேலே தூக்கி, சரிசெய்து இறக்கி, மறுபடி ஓடவிட்டபோது 2015 டிசம்பர். இரண்டு ஆண்டு. சுரங்கம் முடிந்தது 2017 ஏப்ரலில்.

மும்பையிலும் கடற்கரைச் சாலைச் சுரங்கத்தைத் தோண்டிய 12.19 மீட்டர் விட்டமுள்ள மாவளா, முதல் சுரங்கத்தை 2022 ஜனவரியில் முடித்துவிட்டு, இரண்டாவதின் கடைசிப் பகுதியில் பழுதாகி நின்றது. 2023 மே 30 அன்றுதான் வெளியே வந்தது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றால் திட்டத்தில் கப்பலையும் சுங்கத்தையும் அரசியலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2024 அக்டோபரில் ஜெர்மனியின் அப்போதைய துணைச் சான்சலர் ஹாபெக் டெல்லி மெட்ரோவில் பயணித்தபோது, கூடவே வந்த நம் அமைச்சர் பியூஷ் கோயல், ஜெர்மன் நிறுவனம் சீனாவில் செய்யும் சுரங்க இயந்திரங்களை இந்தியாவுக்கு அனுப்பச் சீனா விடமாட்டேன் என்கிறதே என்று நேரிலேயே சொன்னார். செய்தியாக நீங்கள் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது ஸ்டோர் ரூம் பிரச்சினை. ஜெர்மன் நிறுவனமான ஹெரன்க்னெக்ட்டுக்குச் சென்னையை அடுத்துத் தொழிற்சாலை இருக்கிறது என்பது ஓரளவு ஆறுதல், ஆனால் பேரிங் செய்வது அங்கே இல்லை.

ஓடும் இயந்திரத்துக்கு மட்டும்தான் பராமரிப்பு என்று நினைப்பது இன்னொரு பிழை. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் ஓர் ஒப்பந்ததாரர் நடுவில் விலகிக்கொண்டதால் அண்ணா சாலைக்கடியில் வேலை நீண்ட காலம் நின்றது. நிற்கும் இயந்திரத்துக்கும் கிரீஸ் செலுத்த வேண்டும், முகப்பு அழுத்தத்தைக் காக்க வேண்டும், அவ்வப்போது கட்டர்ஹெட்டைச் சற்றே சுழற்றிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றியுள்ள மண் இறுகிப் பிடித்துக்கொள்ளும். யாருடைய இயந்திரம், யார் கிரீஸ் வாங்குவது என்று வழக்கறிஞர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்த மண் இறுகிக்கொண்டுதான் இருக்கும். ஒப்பந்தம் எழுதும்போதே 'வேலை நின்றால் இயந்திரத்தை யார் பார்த்துக்கொள்வது' என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மென்பொருளுக்கு வருகிறேன். டி.பி.எம். தன்னைப் பற்றி ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. தள்ளும் விசை, முறுக்குவிசை, முன்னேற்றம், எண்ணெயின் சூடு, கிரீஸ் அளவு எல்லாம் சில விநாடிக்கு ஒருமுறை பதிவாகும். தரவுக்குப் பஞ்சமில்லை. விசை ஏறுகிறது, முன்னேற்றம் குறைகிறது என்றால் கட்டர் மழுங்கிவிட்டது என்று உங்கள் மாடல் சொல்லும். பாறை கெட்டியானாலும் அதேதான் நடக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல கன்வேயரில் வரும் கல்லைப் பார்க்க வேண்டும். நல்ல கட்டர் பாறையைத் தட்டையான செதில்களாக உரிக்கும். மழுங்கிய கட்டர் மாவாக அரைக்கும். கன்வேயர் பக்கத்தில் நிற்கும் ஃபோர்மேன் ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். சில சைட்டுகளில் கன்வேயருக்கு மேல் காந்தம் தொங்கும், உடைந்த எஃகுச் சில்லு ஒட்டினால் உடனே நிறுத்துவார்கள். இந்த இரண்டையும் உங்கள் டாஷ்போர்டில் சேர்க்க வழி தேடுங்கள். கட்டரை அளந்த ஒவ்வொரு முறையும் ரிங் எண்ணோடும் அங்கே இருந்த மண்ணோடும் சேர்த்துப் பதியுங்கள். வெறும் தேதியோடு பதிந்த தேய்மானக் கணக்கு அடுத்த சுரங்கத்துக்கு உதவாது.

மென்பொருளால் தீராத ஒன்றும் இருக்கிறது. சைட்டில் எல்லோருடைய பெருமையும் 'இன்றைக்கு எத்தனை ரிங்' என்பதில்தான். பலகையில் எழுதிப்போடுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். பராமரிப்புக்கான நான்கு மணி நேரம் அந்தப் பலகையில் பூஜ்யமாகத் தெரியும். ஆகவே முதலில் பலியாவது அதுதான். 'இன்றைக்கு ஒரு ரிங் கூடப் போட்டுவிடலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடங்கும். ரிங் கணக்குக்குப் பொறுப்பானவரிடமே பராமரிப்பு நேரத்தையும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கருத்து. நிறுத்தும் அதிகாரம் வேறொருவரிடம், இன்னொரு மேலாளருக்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில்கூட இதற்கு எதிர்ப்பு வரும். வந்திருக்கிறது.

கடைசியாக, இப்போது சந்தைக்கு வரும் பழைய இயந்திரங்களைப் பற்றி. ஒரு சுரங்கம் முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றி, புதுப்பித்து, இன்னொரு நகரத்தில் இறக்குவது இப்போது சாதாரணம். கட்டர்ஹெட்டுக்குப் புது எஃகு ஒட்டி, வண்ணமடித்து நிறுத்தினால் கண்ணுக்குப் புதிதாகத்தான் தெரியும். நான் முதலில் கேட்பது மெயின் பேரிங் எண்ணெயின் ஆய்வு அறிக்கைகளை, முதல் ரிங்கிலிருந்து கடைசி ரிங் வரை. எண்ணெயில் இரும்புத்தூள் எப்போது கூடத் தொடங்கியது, தண்ணீர் எந்த ரிங்கில் கலந்தது, அப்போது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்பு காணாமல் போய்விட்டது என்று சொன்னால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.